அப்புத் தலத்திலிருந்து கடலடிக்கு... சிவப்பைத் தேடி ஒரு விளக்கு!

திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் சந்நிதியில் மூலவருக்கு நேர் எதிரே வாசல் கிடையாது. ஒன்பது துளைகள் கொண்ட சாளரம்தான் இருக்கிறது. கூட்டம் குறைந்த வேளையில் அதன் வழியே கண்ணை இடுக்கிப் பார்த்தால், விளக்கின் வெளிச்சத்தில் லிங்கத் திருமேனி மெல்ல மெல்லப் புலப்படும். பஞ்சபூதத் தலங்களில் இது நீருக்கு உரியது. லிங்கத்தின் அடியில் ஊற்று. காவிரியில் தண்ணீர் பெருகும் மாதங்களில் கருவறைக்குள் கசிவும் கூடும். ஒரு சின்ன அறைக்குள் தண்ணீரும் விளக்கும் சேர்ந்தே இருக்கின்றன.

உச்சிக்கால பூஜைக்கு அர்ச்சகர் புடவை உடுத்தி வருவதைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்தது இந்தத் திருவானைக்காவலில்தான். பூகோளப்படி ஸ்ரீரங்கமும் இதுவும் ஒரே தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ஆற்றுக்கு நடுவே பிறந்த குழந்தை, நான்கு வயதில் அப்பாவின் கல்லூரி வேலை காரணமாக விசாகப்பட்டினத்துக்குப் போய்க் கடலோரத்தில் வளர்ந்தது. பிற்பாடு கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டதும் அந்தப் பிள்ளைதான்.

இன்று திருச்சியிலிருந்து புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ போய் ஸ்கூபா டைவிங் செய்து, கடலுக்கடியில் வீடியோ எடுத்து வருபவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்ததும் அவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான். ‘கண்ணால பார்த்தப்போ அவ்வளவு அழகா இருந்துச்சு. வீடியோவுல எல்லாமே ஒரே நீலமா, பச்சையா, சாம்பலா இருக்கு!’ அடுத்த தடவைக்கு எந்த லைட் வாங்கலாம் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். பதில் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பு கப்பலில் செய்த சோதனையில் இருந்து தொடங்குகிறது.

கப்பல் மேல்தளத்தில் ஒரு கேள்வி

1921-ம் ஆண்டு. இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்களின் மாநாடு ஒன்றில் கலந்துகொண்டுவிட்டு, எஸ்.எஸ். நர்குண்டா என்ற கப்பலில் ராமன் இந்தியா திரும்புகிறார். அதுதான் அவருக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை உட்கார விடவில்லை. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது, கடலுக்கென்று தனி நிறம் கிடையாது என்பது லார்டு ராலே சொல்லி, எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்த விளக்கம்.

ராமன் கையில் இருந்தது நிக்கல் பட்டகம் என்ற சிறிய கருவி. ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதன் வழியே பார்த்தால், நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வான ஒளி அணைந்துவிடும். கடலின் நீலம் வானத்திலிருந்து கடன் வாங்கியது என்றால், அப்போது நீலம் மங்கியிருக்க வேண்டும். மாறாக, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஒளி நீருக்குள் நுழைந்து, நீரின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது என்று எழுதி, பம்பாய்த் துறைமுகத்தை அடைந்ததும் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். அந்த ஆண்டே அது வெளிவந்தது. அங்கே தொடங்கிய ஒளிச்சிதறல் ஆராய்ச்சிதான் 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவாகக் கனிந்தது. 1930-ல் நோபல் பரிசு வந்தது.

நீலத்தின் கதையில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தண்ணீர் நீலத்தைச் சிதறடிப்பதோடு நிற்பதில்லை. சிவப்பை விழுங்கியும் விடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் இது தெரியாது. சில மீட்டர் தண்ணீர் குறுக்கே நின்றால் தெரிந்துவிடும். கடலடி வீடியோக்காரர்களின் தலைவலி முழுக்க இந்தப் பாதியில்தான் இருக்கிறது.

ராஜகோபுரம் கடலுக்குள் நின்றால்...

ஆழத்தை மீட்டரில் சொன்னால் மனதில் பதியாது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை வைத்துச் சொல்லலாம். 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட, 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர் உயரமுள்ள கோபுரம். அது அப்படியே ஒரு தெளிந்த கடலுக்குள் நிற்பதாகவும், கலசங்களின் நுனி நீர்மட்டத்தைத் தொடுவதாகவும் கற்பனை செய்துகொள்ளுங்கள். டைவர் மேலிருந்து கீழே இறங்குகிறார்.

கலசங்களைத் தாண்டிக் கொஞ்சம் இறங்குவதற்குள், ஏறக்குறைய 5 மீட்டரிலேயே, சிவப்பு பெரும்பாலும் போய்விடும். 10 மீட்டரில் ஆரஞ்சும், 20 மீட்டர் வாக்கில் மஞ்சளும் மங்கிவிடும். அடிப்படைப் பயிற்சி முடித்தவருக்கு அனுமதிக்கப்பட்ட ஆழம் 18 மீட்டர். கோபுரத்தில் சரியாகக் கால் பங்கு. மேற்பயிற்சி பெற்றாலும் பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். பாதிக் கோபுரத்தை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதி ஆழத்துக்கு வேறு வாயு, வேறு பயிற்சி வேண்டும்.

18 மீட்டரில் விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரியும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். மீன் மார்க்கெட்டில் ஐஸ் மீது செக்கச்செவேலென்று கிடக்கும் சங்கரா மீன், அது வாழ்ந்த ஆழத்தில் அந்தச் சிவப்போடு இருந்ததே இல்லை. அங்கே அது மங்கலான சாம்பல் மீன். சிவப்பு எட்டாத இடத்தில் சிவப்பாக இருப்பது ஒளிந்துகொள்ள நல்ல உடுப்பு!

ஆக, பட்டப்பகலில், நல்ல வெளிச்சத்தில், எல்லாமே தெளிவாகத் தெரியும் கடலுக்குள் எதற்கு லைட்? இருட்டை விரட்ட அல்ல, தண்ணீர் விழுங்கிய சிவப்பைத் திருப்பிக் கொண்டுவர. இது புரியாமல் லைட் வாங்கினால் காசுதான் வீண்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. லைட்டின் ஒளியும் தண்ணீருக்குள்தான் போகவேண்டும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பவளத்துக்கு ஒளி போக ஒரு மீட்டர், கேமராவுக்குத் திரும்ப ஒரு மீட்டர். மொத்தம் இரண்டு. மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் மீனுக்கு ஆறு மீட்டர். அதற்குள் அந்த லைட் கொண்டுபோன சிவப்பும் காலி. போதாததற்கு, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்ற பள்ளிக்கூடப் பாடமும் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த லைட்டாக இருந்தாலும், நிறம் திரும்பி வருவது ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள்தான். கை நீட்டினால் எட்டும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையை நீட்டித் தொடக்கூடாது. அது பிறகு.

கொள்ளிடம் பாலத்துப் பனியும் காவிரியின் கலங்கலும்

மார்கழி விடியலில் கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். பனி அடர்ந்திருக்கும்போது ஹெட்லைட்டை ஹை பீமில் போட்டால் பாதை தெரியாது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பும். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பிவிடுகிறது. அனுபவப்பட்ட லாரி டிரைவர்கள் பீமைத் தாழ்த்துவார்கள். பனி விளக்கு வண்டியின் அடியில், டிரைவரின் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளிப் பொருத்தப்பட்டிருப்பதும் இதனால்தான்.

கடலுக்குள்ளும் இதே கதை. பனிக்குப் பதில் மணல் துகள், பாசித் துணுக்கு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே லைட்டைப் பிடித்தால் வீடியோ முழுக்க வெள்ளைப் புள்ளிகள் மழையாகப் பெய்யும். டைவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் பேக்ஸ்கேட்டர்.

வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் நிறையத் தண்ணீர், அதில் சில சொட்டுப் பால், உள்ளே ஒரு பொம்மை. செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நேராக அடித்தால் பொம்மை மங்கும். டார்ச்சைப் பாத்திரத்தின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனால் பொம்மை பளிச்சென்று தெரியும். லைட் அதே லைட்தான். பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையாகக் கொடுக்க ஏற்ற சோதனை.

எந்தக் கோணத்தில் பிடித்தாலும் லைட் தோற்றுப்போகும் தண்ணீரும் உண்டு. அதைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டாம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு வைத்து வணங்கும் புதுப்புனல், பழுப்பு நிறத்தில் ஓடும் தண்ணீர். முழங்கால் அளவு இறங்கினாலே பாதம் தெரியாது. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது ஓடிய தண்ணீரும் அதுவே. அப்படிப்பட்ட தண்ணீரில் சக்திவாய்ந்த லைட் கொண்டுபோனால், எரிவது தெரியும். வேறொன்றும் தெரியாது.

ஆற்றில் மூழ்கியவரைத் தேடி இறங்கும் தீயணைப்பு வீரர்களும் மீட்பு டைவர்களும், இப்படிக் கலங்கிய நீரில் கண்ணை நம்புவதில்லை. கயிற்றைப் பிடித்தபடி, கையால் தடவித் தடவித்தான் தேடுகிறார்கள். உலகம் முழுக்க அதுதான் முறை. கரையில் நிற்கும் உறவினர்கள், ‘பெரிய லைட் கொண்டு வரக் கூடாதா சார்?’ என்று கேட்பது இயல்பு. கேட்பவர்களின் தவிப்பு அப்படி. லைட் இல்லாததால் அல்ல, லைட் உதவாததால்தான் அவர்கள் கையால் தேடுகிறார்கள் என்பதைக் கரையில் இருப்பவர்கள் அறிந்துகொண்டால், அந்தக் கொடுமையான மணி நேரங்களில் ஒரு சந்தேகமாவது குறையும். அம்மா மண்டபத்தில் நீச்சல் தெரியாத பிள்ளையைத் தனியாக இறக்கக்கூடாது என்பதற்கும் இதை விடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. மூழ்கிய இடத்தை மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

ஆறு முடியும் இடம்

இந்தக் கலங்கல் கல்லணையைத் தாண்டி, தஞ்சைச் சீமை முழுக்கப் பிரிந்து பாய்ந்து, எஞ்சியது பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. திருச்சியிலிருந்து சாலை வழியே சுமார் 150 கிலோமீட்டர். ரயிலில் மயிலாடுதுறை போய், அங்கிருந்து பஸ் பிடிப்பது சௌகரியம். அகண்ட காவிரியைத் திருச்சியில் பார்த்தவர்களுக்கு, சங்கமத்தில் அது மெலிந்து நிற்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டுக் கரையில் நின்றால், ஒரு காலத்துப் பெருந்துறைமுகம் எங்கே என்று கண் தேடும். அதன் ஒரு பகுதி எதிரே தண்ணீருக்குள்.

கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் டைவர்கள் இங்கே இறங்கித் தேடினார்கள். 1991-ல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவத்தில் ஓர் அமைப்பைக் கண்டார்கள். 1993-ல் மீண்டும் ஆராய்ந்தார்கள். மனிதர் கட்டியதா, இயற்கையாக அமைந்ததா என்ற விவாதம் ஓயவில்லை. ராஜகோபுரக் கணக்கில் 23 மீட்டர் என்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தும் அந்த அமைப்பு முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது எவ்வளவு சிரமம் என்பதை, ஒன்றரை மீட்டர் கணக்கை வைத்தே ஊகிக்கலாம். ஆறு கொண்டுவந்த வண்டல் கலந்த கடல் அது. லைட் ஒரு கல்லைக் காட்டும், பிறகு அடுத்த கல்லைக் காட்டும். அகழாய்வுக்காரர்கள் அளவெடுத்து, ஒலியலைக் கருவியில் பார்த்து, துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் முழு உருவத்தை வரைகிறார்கள்.

கடலுக்குள் விளக்கு கொண்டுபோகும் ஆசை பழையது. பிரான்ஸின் பான்யூல்ஸ் கடற்கரையில் 1893-ல் லூயி பூத்தான் என்ற விஞ்ஞானி, பீப்பாய் ஒன்றின் மீது சாராய விளக்கை மூடி வைத்து, அதன் சுடரில் மெக்னீசியப் பொடியை ஊதி, தண்ணீருக்குள் மின்னல் வெட்ட வைத்துப் படம் எடுத்தார். 1956-ல் கேன்ஸ் விழாவில் உயரிய விருது வென்ற ழாக் கூஸ்தோவின் ‘மௌன உலகம்’ படத்தில், கப்பலிலிருந்து கேபிள் இழுத்துப் பெரிய விளக்குகளைக் கடலடிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வெளிச்சத்தில் பவளத்தின் நிஜச் சிவப்பைப் பார்த்துத்தான் உலகம் வாயைப் பிளந்தது. இன்று அந்த வேலையைக் கைக்கு அடக்கமான இரண்டு எல்.இ.டி. லைட்டுகள் செய்கின்றன. நம் மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களுக்கு இந்த வசதி எதுவும் இருந்ததில்லை. கடல் அமைதியாகித் தெளியும் மாதங்களுக்காகக் காத்திருந்து, மூச்சடக்கி, சூரிய வெளிச்சத்தை மட்டும் நம்பி இறங்கினார்கள்.

பட்டுப்புடவையும் பெட்ரோமாக்ஸும்

சரி, எந்த லைட்? கடைக்காரர் முதலில் சொல்லும் எண் லூமன். எவ்வளவு வெளிச்சம் என்பதன் அளவு. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு சுமார் 900 லூமன் தரும். செல்போன் அல்லது ஆக்‌ஷன் கேமராவில் எடுப்பவருக்கு 2,000 முதல் 2,500 லூமன் வரையுள்ள இரண்டு லைட்டுகள் நல்ல தொடக்கம். 10,000 லூமன் ஒற்றை லைட்டை விட இந்த ஜோடி பல நேரங்களில் நல்ல படம் தரும். ஒரு பக்க நிழலை மறுபக்கம் நிரப்பிவிடும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் லூமன் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பெயர் தெரியாத மலிவு லைட்டுகளில் அந்த எண் பெரும்பாலும் ஆசையில் எழுதியது.

லூமனை விட முக்கியம், வெளிச்சம் விரியும் கோணம். வாட்ச்மேன் கையிலிருக்கும் டார்ச் தூரத்தில் ஒரு புள்ளியில் பாயும். சுவாமி புறப்பாட்டில் வரும் பெட்ரோமாக்ஸ் சுற்றிலும் சமமாகப் பரவும். வீடியோவுக்கு வேண்டியது பெட்ரோமாக்ஸ் சாதி. டைவ் டார்ச்சை வைத்து வீடியோ எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளை வட்டம், சுற்றிலும் இருட்டு என்று பழைய நாடக மேடை போல வரும். 100 முதல் 120 டிகிரி விரிவு நல்லது. இதிலும் ஒரு சூட்சுமம். காற்றில் 120 டிகிரி விரியும் ஒளி, தட்டையான கண்ணாடி வழியே தண்ணீருக்குள் போகும்போது ஒளிவிலகலால் சுமார் 80 டிகிரியாகச் சுருங்கிவிடும். அதனால் அட்டையில் உள்ள கோணம் காற்றிலா, தண்ணீரிலா என்று கேட்டு வாங்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் இந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமாகும்.

அடுத்தது நிறம் காட்டும் நேர்மை. என்.எஸ்.பி. ரோடு ஜவுளிக் கடையில் பட்டுப்புடவை எடுக்கும் பெண்கள், புடவையை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கடைக்குள் எரியும் லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு விளக்கு எவ்வளவு தூரம் வெயிலைப் போல நிறங்களைப் பிரித்துக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. உச்சம் 100. கடலடி வீடியோவுக்கு 90-க்கு மேல் இருப்பது நல்லது. சிவப்பைத் திருப்பிக் கொண்டுவரத்தான் லைட் என்றால், சிவப்பே குறைவாக உள்ள லைட்டை வாங்கி என்ன பயன்? வெளிச்சத்தின் நிறம் 5,000 முதல் 6,000 கெல்வின் வரை இருந்தால் பகல் வெளிச்சத்தோடு ஒத்துப்போகும்.

பிறகு பேட்டரி. ஒரு டைவ் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடும். முழு வெளிச்சத்தில் அந்த நேரத்தைத் தாங்க வேண்டும். சில லைட்டுகள் முதல் பத்து நிமிடம் ஜொலித்துவிட்டுச் சத்தமில்லாமல் மங்கிவிடும். ஆழத் தகுதி, இறங்கப்போகும் ஆழத்தை விட நன்றாகக் கூடுதலாக இருக்கட்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. 18 மீட்டருக்குப் போகிறவர் 60 மீட்டர் தாங்கும் லைட்டை எடுத்துப்போவது ஆடம்பரம் அல்ல.

லைட்டுக்குள் தண்ணீர் போகாமல் காப்பது ஒரு மெல்லிய ரப்பர் வளையம். பெயர் ஓ-ரிங். குக்கர் கேஸ்கட்டின் தம்பி என்று சொல்லலாம். கேஸ்கட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் விசில் வராது. ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி கிடந்தால் லைட்டே போய்விடும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் துடைத்து, விரல் நுனியில் தொட்டுச் சிலிக்கான் கிரீஸ் தடவி மூட வேண்டும். பலரும் இதைப் படகில், ஈரக் கையோடு, அவசரத்தில் செய்துதான் லைட்டைப் பறிகொடுக்கிறார்கள். முதல் நாள் இரவே, ஃபேனை நிறுத்திவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இது.

விமானத்தில் போகிறவர்கள் லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். உதிரி பேட்டரிகளுக்கு செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. முனைகளில் டேப் ஒட்டியோ, தனித்தனி உறையில் போட்டோ வைக்க வேண்டும். லைட்டைக் கரையில் நீண்ட நேரம் எரியவிட்டுச் சோதிக்கவும் கூடாது. சக்திவாய்ந்த லைட்டுகளைக் குளிர வைப்பதே கடல்தான். காற்றில் கை சுடும் அளவுக்குச் சூடேறிவிடும்.

புதுச்சேரி, காலை படகு

திருச்சிக்காரர்களுக்குச் சாலை வழியே எளிதில் போகக்கூடிய டைவிங் ஊர் புதுச்சேரி. சுமார் 200 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆறுகள் கொட்டிய வண்டல் படிந்த பிறகு போவது நல்லது. அப்போதும் இங்கே தண்ணீர் அந்தமான் போலக் கண்ணாடியாக இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். நீலத்தை விடப் பச்சை கூடுதல். ஆனால் லைட் பிடிக்கக் கற்றுக்கொள்ள இதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இங்கே புள்ளியில்லாமல் எடுத்தவருக்கு எங்கேயும் எடுக்க வரும்.

இரண்டு லைட்டையும் கேமராவின் இரண்டு பக்கத்திலும் கைப்பிடித் தண்டுகளில் மாட்டி, முடிந்தவரை அகலமாக விரித்து, லென்ஸை விடச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். நேராக மீனைப் பார்த்தபடி அல்ல, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பி. இரண்டு ஒளிக்கூம்புகளின் ஓரங்கள் மட்டும் மீன் இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று தொட்டால் போதும். கேமராவுக்கும் மீனுக்கும் நடுவிலுள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும். வெளிச்சம் படாத துகள் படத்தில் விழாது. ஒரே லைட்தான் இருக்கிறது என்றால், கையை நன்றாக நீட்டி மேலிருந்தோ பக்கவாட்டிலோ பிடிக்கலாம். பால் கலந்த தண்ணீர்ச் சோதனை அப்படியே இங்கே உதவும்.

தூரத்தில் போகும் பெரிய மீன் கூட்டத்துக்கு லைட்டை அணைத்துவிடுவதே மேல். அங்கே சிவப்பு வடிகட்டி உதவும். பச்சைத் தண்ணீரில் மெஜந்தா வடிகட்டி. வடிகட்டியையும் லைட்டையும் ஒரே நேரத்தில் போட்டால் பக்கத்திலுள்ள பவளம் குங்குமத்தில் குளித்தது போல வரும். ‘எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேமராவுக்கு வந்தே சேராத சிவப்பை எந்த ஆப்பும் உருவாக்கித் தராது. இழுத்தால் புள்ளிதான் கூடும்.

பயிற்சியாளர்கள் பெரும்பாலும் முதல் டைவிலேயே கேமரா வேண்டாம் என்பார்கள். இதில் அவர்கள் பக்கமே நியாயம். தண்ணீரில் ஏறாமல் இறங்காமல் மிதக்க உடம்பு பழகுவதற்கு முன் இரண்டு கையிலும் கருவி பிடித்தால், கால் தரையில் உதைக்கும். எழும்பும் மணல் மொத்தமும் படத்தில் வரும். அது சின்ன நஷ்டம். உதைபடுவது பவளமாக இருந்தால், நூறு வருடம் வளர்ந்தது ஒரு நொடியில் போகலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு பவளத்துக்கும் இடம் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர் காற்று அளவு காட்டும் மீட்டரைப் பார்க்க மறப்பது. கடல்குதிரை எவ்வளவு அழகாக நின்றாலும், கூட வந்த துணை டைவர் எங்கே என்று சில நொடிகளுக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்.

அந்தக் கடல்குதிரைக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். முழு வெளிச்சத்தை முகத்தில் நிமிடக்கணக்கில் அடித்தால் அது திரும்பிக்கொள்ளும். தாழ்த்தி, சில நொடிகள் எடுத்துவிட்டு நகர்வது நாகரிகம். இரவு டைவில் சிவப்பு வெளிச்சம் தரும் லைட்டுகள் உதவும். சிவப்பே எட்டாத இடத்தில் வாழும் பல உயிர்களுக்கு அது சரியாகக் கண்ணில் படுவதில்லை. இரவில் லைட்டால் பேசவும் செய்யலாம். மெதுவாக வட்டம் போட்டால் ‘நலம்’. வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் ‘உடனே வா’. யார் முகத்திலும் நேராக அடிப்பது மட்டும் கூடாது.

அந்தமான் போய்ப் பல டைவ்கள் செய்தவர்கள், கடைசி டைவுக்குப் பிறகு 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். புதுச்சேரி போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. மாலை பஸ் பிடித்தால் ராத்திரிக்குள் திருச்சி வந்துவிடலாம்.

வீடு வந்ததும் வேலை முடியவில்லை. கடலுப்பு காய்ந்தால் பொத்தான்களின் இடுக்கில் படிகமாகி இறுகிக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லைட்டை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, பொத்தான்களை நாலைந்து தடவை அமுக்கிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்துக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். ஒரு வாளி நிறையப் பிடித்து வைத்தால் போதும். காலையில் எடுத்துத் துணியால் ஒற்றி, வெயில் படாத முற்றத்தில் காயவைக்கலாம்.